மானூர் தாண்டுவதற்குள் ஒரு டீ

கொஞ்சம் தள்ளி உட்காருங்க அக்கா. முதலில் ஒரு கேள்வி. நீங்க மானூரில் இறங்கப் போறீங்களா, திருநெல்வேலி வரைக்குமா? ஜங்ஷனா? நல்லது. அப்படியென்றால் உங்களிடம்தான் கேட்க முடியும். இந்த பஸ்ஸில் மற்ற எல்லோருக்கும் என்னைத் தெரியும். என்னைத் தெரிந்தவர்கள் யாரும் செய்ய மாட்டார்கள்.

என்ன செய்யணும் என்று கடைசியில் சொல்கிறேன். முதலிலேயே சொன்னால் நீங்களும் மாட்டேன் என்பீங்க. மானூர் வர இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறது. அதற்குள் முடித்துவிடுவேன். நான் வேகமாகத்தான் பேசுவேன்.

இப்போது தேவர்குளத்தில் டீக்கடை முன்னால் நின்று கத்தினது நான்தான். பார்த்திருப்பீங்க. சண்டை எல்லாம் இல்லை. ஒரு டீ கேட்டேன். அவர் தரமாட்டேன் என்றார். அவ்வளவுதான். டீக்கடை வைத்திருக்கிற ஆள், பாய்லர் கொதிக்கிறது, பால் பொங்குகிறது, நான் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறேன், தரமாட்டேன் என்கிறார். உங்களுக்குக் கோபம் வராதா?

டிரைவருக்குப் பின்னால், வலப்பக்கம் ஜன்னலோரம், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கம்பியில் நெற்றியைச் சாய்த்திருக்கிறார் பாருங்க. அவர்தான் அப்பா. டீ அவருக்குத்தான். பெயர் செல்லத்துரை. டிரைவர் செல்லத்துரை என்றால் இந்த ரோட்டில் எல்லோருக்கும் தெரியும். சங்கரன்கோவில் – திருநெல்வேலி, இருபத்திரண்டு வருஷம் ஒரே ரூட்டில் தனியார் பஸ் ஓட்டினார். இப்போது ஓட்டவில்லை. இரண்டு கிட்னியும் போய்விட்டது. அம்மா யாரிடமும் 'கிட்னியில கொஞ்சம் பழுது' என்பாள். பழுது இல்லை அக்கா. போய்விட்டது. உள்ளதைச் சொன்னால் என்ன?

திங்களும் வியாழனும் பெரியாஸ்பத்திரியில் டயாலிசிஸ். நாலு மணி நேரம் மெஷின். கிட்னி வேலை செய்யாவிட்டால் குடிக்கிற தண்ணீர் வெளியே போகாது, உடம்பிலேயே நிற்கும். மெஷின்தான் அதை எடுக்கணும். அதனால் தண்ணீர், மோர், ரசம், டீ எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். போன வியாழக்கிழமை அப்பா வரமாட்டேன் என்றுவிட்டார். இன்றைக்குத் திங்கள். முழுசாக ஒரு வாரம் ஆகிறது. தோள் ஏறி இறங்குகிறது பாருங்க, இங்கிருந்தே தெரியும். மூச்சு வாங்குகிறது. படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்குகிறார். இன்றைக்கும் மெஷினில் போடாவிட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டாம்.

நான் எதற்குக் கூட வருகிறேன் என்றால், அம்மாவால் வரமுடியாது. அவள் பீடி சுற்றுகிறாள், ஒரு நாள் விட்டால் அன்றைக்கு ஒன்றும் இல்லை. நான் பதினொன்றாம் வகுப்போடு நின்றுவிட்டேன். அப்பாவுக்காகப் படிப்பை விட்டாள் என்று அம்மா தெருவெல்லாம் சொல்கிறாள். பொய். அதற்கு முன்னாலேயே நின்றுவிட்டேன். எனக்குப் படிப்பு வரவில்லை. அக்கவுண்டன்சியில் பதினொரு மார்க். டீச்சர் என் பேப்பரைத் தூக்கிக் காட்டி, 'இது யாரோட வீரம்?' என்று கேட்டார். அன்றைக்கே பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். யாரும் நிறுத்தவில்லை. நானேதான் நின்றேன்.

ஆனால் இந்த வேலை எனக்கு நன்றாக வந்தது அக்கா. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. வீட்டில் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் அப்பாவுக்கென்று ஒரு பாட்டில் வைத்தேன். காலையில் நிரப்புவேன். அதில் தீர்ந்தால் தீர்ந்ததுதான். டீயை இருமல் மருந்து மூடியால் அளப்பேன். பத்து மூடி என்றால் நூறு மில்லி. காலையில் நூறு, சாயங்காலம் நூறு. அம்மா இஞ்சி தட்டிப் போட்டு, பாலைச் சுண்டவிட்டு நன்றாகத்தான் போடுவாள். அப்பா முன்னே எல்லாம் கொதிக்கிற டீயை ஒரே மடக்கில் ஊற்றிக்கொண்டு வண்டி ஏறுகிற ஆள். இப்போது அந்த நூறு மில்லியை அரை மணி நேரம் வைத்துக் குடிப்பார். உதட்டில் தொட்டுத் தொட்டு எடுப்பார்.

ஒரு தடவை, "ஏட்டி சிந்து, இது மருந்து மாதிரி இருக்குட்டி" என்றார்.

"மருந்துதான். குடிங்க" என்றேன்.

ஆஸ்பத்திரியில் ஊசி குத்துவதற்கு முன்னால் எடை பார்ப்பார்கள். போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் நடுவில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறியிருக்கக் கூடாது. ஏறியிருந்தால் எல்லாம் தண்ணீர். எஸ்தர் சிஸ்டர் எடையை அட்டையில் எழுதிவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். முதல் இரண்டு மாதம் ஒன்று அறுநூறு, ஒன்று எண்ணூறு என்றுதான் வந்தது. சிஸ்டர் மற்றவர்களிடம், "அந்தப் பிள்ளையப் பாத்துப் படிங்க" என்றார். அந்தப் பிள்ளை என்றது என்னைத்தான். அப்பாவை இல்லை.

அப்புறம் மூன்று ஏறியது. அடுத்த தடவை மூன்றரை. அதற்கடுத்து மூன்று எண்ணூறு. சிஸ்டர் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "என்ன சிந்துஜா, நீதான பாத்துக்கிடுத? வீட்டுல குளத்தத் தொறந்து விட்டுட்டியா?"

எனக்கு எப்படி இருந்திருக்கும்? நான் ஒரு மூடி கூடக் கூட்டிக் கொடுத்ததில்லை. வீட்டுக்குப் போனதும் அம்மாவைப் பிடித்தேன்.

"நீதான குடுக்க? நான் இல்லாத நேரமா பாத்து சட்டியோட குடுக்க."

அம்மா பீடித் தட்டை மடியிலிருந்து இறக்கிவைத்தாள். "ஏட்டி, தாலி கட்டின மனுஷன நானே கொல்லுவேனா?"

"பின்ன மூணு எண்ணூறு எங்கருந்து வந்துச்சு? காத்தக் குடிச்சா?"

அம்மா அழுதாள். அன்றிலிருந்து அவளும் வீட்டில் டீ குடிப்பதில்லை. அவர் முன்னால் எப்படிக் குடிக்க என்கிறாள். அது அவள் இஷ்டம். நான் குடிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை.

காத்து எங்கேயிருந்து வந்தது என்று இந்த பஸ்ஸில்தான் பிடித்தேன். வழக்கமாக அப்பா முன்னால் உட்காருவார். அந்தச் சீட்டைத்தான் பிடிப்பார், டிரைவருக்குப் பின்னால். நான் பின்னால் பெண்கள் சீட்டில் உட்கார்ந்து தூங்கிவிடுவேன், இல்லாவிட்டால் போன் பார்ப்பேன். அன்றைக்கு போனில் சார்ஜ் இல்லை. தேவர்குளத்தில் பஸ் நின்றது. நீங்க இப்போது பார்த்தீங்களே, அந்த உச்சிமாகாளி, டீ மாஸ்டர், ஒரே கையில் இரண்டு கிளாஸைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸைச் சுற்றி டிரைவர் பக்கம் வந்தார். ஒரு கிளாஸ் டிரைவருக்கு. அது வழக்கம்தான். பஸ்ஸைக் கடை முன்னால் நிறுத்துகிற டிரைவருக்கும் கண்டக்டருக்கும் டீ, வடைக்கு யாரும் காசு வாங்க மாட்டார்கள். இரண்டாவது கிளாஸ் டிரைவருக்குப் பின்னால் இருந்த ஜன்னலுக்குப் போனது. எங்கப்பா கேட்கவே இல்லை அக்கா. கை மட்டும் வெளியே போனது. ஒரே மடக்கு. கிளாஸை ஒரு சுற்றுச் சுற்றி அடி மண்டியை ரோட்டில் ஊற்றிவிட்டுக் கொடுத்தார். கூடவே ஒரு வடை. உப்பு. அதைத் தின்றால் இன்னும் தாகம் எடுக்கும்.

நான் நடுவழியில் எல்லோரையும் தள்ளிக்கொண்டு முன்னால் போனேன்.

"எப்பா, என்ன செய்தீங்க?"

"அரை கிளாஸுட்டி."

"வேண்டாம்னு சொல்ல வேண்டியதுதான?"

"டிரைவர் டீய வேண்டாங்கக் கூடாதுட்டி. கடைக்காரன் மனசு சங்கடப்படும்."

"நீங்க டிரைவரா?" என்று கேட்டேன்.

ஓட்டிக்கொண்டிருந்த டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் கேட்டதில் தப்பு இருக்கிறதா? டிரைவரா இல்லையா? லைசென்ஸ் கூடப் புதுப்பிக்கவில்லை.

திரும்பி வருகிறபோது நான் தேவர்குளத்தில் இறங்கி மாகாளியிடம், "எத்தன நாளா குடுக்கீங்க?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "என்னத்த கேக்க பாப்பா, அண்ணாச்சிதான் டெய்லி வாராவளே" என்றார்.

டெய்லி! காலையில் பத்து மணிக்கு நடக்கப் போகிறேன் என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவார். நடந்தால் நல்லது என்று நானும் விட்டேன். நடக்கவே இல்லை. பஸ் ஸ்டாண்டு போய், அந்த நேரத்துக்கு எடுக்கிற பஸ்ஸில் ஏறி, பனவடலி, தேவர்குளம், மானூர் வரைக்கும் வந்துவிட்டு, எதிர் பஸ்ஸில் திரும்பியிருக்கிறார். போகும்போது மூன்று கடை, வரும்போது மூன்று கடை. எல்லாக் கடையிலும் யாராவது எழுந்து, 'அண்ணாச்சி வாங்க, உக்காருங்க' என்று பெஞ்சைத் துடைத்துவிட்டுக் கொடுத்திருக்கிறார்கள். எதற்கு எழுந்து நிற்கணும், எதற்குப் பெஞ்சைத் துடைக்கணும்? டீ கொடுப்பதற்குத்தானே. எல்லாம் ஒரு டீக்குத்தான். நான் வீட்டில் மூடியால் அளந்துகொண்டிருக்கிறேன், அவர் ரோடு முழுக்கக் குடித்துக்கொண்டு வருகிறார்.

இனிமேல் குடிக்கமாட்டேன் என்று சொன்னார். என் தலையில் கைவைத்துச் சொன்னார். அடுத்த வியாழன் எடை மூன்று எழுநூறு.

அதற்கப்புறம் பேசிப் பிரயோஜனம் இல்லை என்று முடிவு செய்தேன். நோட்டீஸ் அடித்தேன்.

சிரிக்காதீங்க. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடை இருக்கிறது. அப்பாவின் போட்டோ, காக்கிச் சட்டை போட்டது, போனில் இருந்தது. அதைக் கொடுத்தேன். கீழே என்ன எழுதணும் என்று நானே சொன்னேன். 'கே. செல்லத்துரை, ஓட்டுநர். மேற்கண்ட என் தந்தை கிட்னி நோயாளி. இவருக்கு டீ, தண்ணீர், கலர் எதுவும் யாரும் கொடுக்கக் கூடாது. மீறிக் கொடுத்தால் இவர் சாவுக்கு நீங்களே பொறுப்பு. இப்படிக்கு, மகள் சிந்துஜா.' சாவு என்ற வார்த்தையைப் பெரிதாகப் போடச் சொன்னேன். பயப்படட்டும் என்று.

கடைக்காரப் பையன் ஏற்கெனவே வேறு யாருக்கோ செய்து வைத்திருந்த ஒன்றைத் திறந்து, அதில் இருந்த படத்தை எடுத்துவிட்டு அப்பா படத்தை வைத்தான். சுற்றிலும் கறுப்புக் கட்டம். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு.

"தங்கச்சி, வெளக்க எடுத்துரவா?" என்று கேட்டான்.

எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "வெளக்கு இருந்தா இருந்துட்டுப் போவுது, சீக்கிரம் குடுங்கண்ணே" என்றேன்.

எட்டு நோட்டீஸ். மூன்று டீக்கடையிலும் ஒட்டினேன். மிச்சத்தை பஸ் நிறுத்தத்துச் சுவர்களில் ஒட்டினேன். கடைகளில் வாயாலும் சொன்னேன். பனவடலியில் மைதீன் பாவாவிடம், தேவர்குளத்தில் மாகாளியிடம், மானூரில் செண்பகத்தக்காவிடம், ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துச் சொன்னேன்: "எங்கப்பா செத்தா உங்க கடை டீயிலதான் செத்தாருன்னு ஊர் பூரா சொல்லுவேன்." செண்பகத்தக்கா காதில் கைவைத்துக்கொண்டு, "என்ன வாய்ட்டி ஒனக்கு" என்றாள். வாய் இல்லாவிட்டால் யார் கேட்கிறார்கள்?

அது வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு எங்கள் தெருவில் ஒரு வேன் வந்து நின்றது.

அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து என் நூறு மில்லியைக் குடித்துக்கொண்டிருந்தார். வேனிலிருந்து பதினான்கு பேர் இறங்கினார்கள். எல்லாம் டிரைவர், கண்டக்டர், செக்கர். முன்னால் இசக்கிமுத்துச் சித்தப்பா. அப்பாவோடு பதினெட்டு வருஷம் ஒரே வண்டியில் கண்டக்டராக இருந்தவர். துண்டை வாயில் பொத்திக்கொண்டு, "எண்ணே, எங்கள விட்டுட்டுப் போயிட்டியே" என்று தெருமுனையிலிருந்தே அழுதுகொண்டு வந்தார். பின்னால் ஒருவர் கையில் பெரிய ரோஜா மாலை. பீடி சுற்றிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள்.

அப்பா டம்ளரை இறக்கி, "என்னடே இசக்கி, யாருக்கு என்ன?" என்று கேட்டார்.

சித்தப்பா அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டார்.

ஓடுகிற பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறார்கள் அக்கா. படம் தெரிந்திருக்கிறது, பெயர் தெரிந்திருக்கிறது, விளக்கு தெரிந்திருக்கிறது. சாவு தெரிந்திருக்கிறது. ஒருத்தன் இன்னொருத்தனுக்கு போன் போட்டு, அவன் அடுத்தவனுக்கு. இறங்கிப் போய்ப் படிக்கவேண்டாமா? நாலு வரிதானே. எழுத்து எதற்கு இருக்கிறது? இப்படிக்கு மகள் என்று தெளிவாகப் போட்டிருக்கிறேன். இதை இன்றைக்கும் நான் சொல்வேன். தப்பு படிக்காதவர்கள் மேல்தான்.

மாலை வைத்திருந்தவர் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அவ்வளவு பெரிய மாலையை எங்கே மறைப்பது? இரண்டு பக்கமும் தெரிகிறது. ஒருத்தர், "கோயில்ல போட்டுருவோம்" என்றார். இன்னொருத்தர், "கேதத்துக்கு வாங்கினத சாமிக்குப் போடுவியால? கூறு இருக்கா?" என்றார். பஸ் முன்னால் கட்டலாமா என்று ஒரு பேச்சு. அன்றைக்கு அந்த பஸ்ஸை ஓட்டப்போகிற டிரைவர், "எம் பொண்டாட்டி பிள்ளைய நெனச்சுப் பாருங்கடே" என்றார்.

அப்பா சிரித்துக்கொண்டே, "எனக்குன்னுதான வாங்கினீங்க. போட்டுட்டுத்தான் போங்களேன்" என்று கழுத்தைக் குனிந்தார். யாரும் சிரிக்கவில்லை. அம்மா உள்ளேயிருந்து ஓடிவந்து அவர் வாயைப் பொத்தினாள்.

அப்புறம் அம்மா டீ போட்டாள். பதினான்கு பேருக்கு. பக்கத்து வீட்டில் பால் வாங்கி, பெரிய சட்டியில். "கேத வீட்டுல குடிக்கலாமாடே?" என்று ஒருத்தர் மெதுவாகக் கேட்டார். "கேதமே இல்லல்லா, குடி" என்றார் பக்கத்தில் இருந்தவர். பதினான்கு பேரும் குடித்தார்கள். அப்பா அவர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் பங்கு ஏற்கெனவே முடிந்துவிட்டதே, நான் என்ன செய்ய?

குடித்து முடித்ததும் எழுந்தார்கள். சாவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது இல்லையா. அந்த நினைப்பிலேயே வந்தவர்கள் அந்த நினைப்பிலேயே போய்விட்டார்கள். ஒருத்தர் கூட அப்பாவிடம் சொல்லிக்கொள்ளவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வரிசையாக வேனில் ஏறினார்கள். இசக்கிச் சித்தப்பா கூட. அப்பா வாசல் வரைக்கும் போய் நின்றார். கையைத் தூக்கினார். வேன் போய்விட்டது.

அப்பா என்னைத் திட்டவில்லை. நான் திட்டு வாங்கத் தயாராகத்தான் இருந்தேன், பதிலும் யோசித்து வைத்திருந்தேன். பத்து மணிக்குக் கிளம்பவில்லை. துண்டு கொடியிலேயே கிடந்தது. சாயங்காலம் என் நூறு மில்லியை நீட்டினேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். மறுநாளும் வேண்டாம். வடிகட்டி வைத்ததை நான்தான் குடித்தேன், வீணாகப் போகிறதே என்று.

திங்கட்கிழமை எடை பார்த்தார்கள். ஒன்று நானூறு! ஒன்று நானூறு அக்கா. அவர் ஆரம்பித்ததிலிருந்து அவ்வளவு குறைவாக வந்ததே இல்லை. எஸ்தர் சிஸ்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "வெரி குட் சிந்துஜா" என்றார். பெயரைச் சொல்லி. அந்த அட்டையை போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன், வேணுமென்றால் காட்டுகிறேன். அப்பாவிடம் போய்க் காட்டினேன். கையில் இரண்டு ஊசி குத்தி, குழாயில் ரத்தம் போய்க்கொண்டிருந்தது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

வியாழக்கிழமை நான் பையை எடுத்துக்கொண்டு நின்றேன். அப்பா பாயிலிருந்து எழவில்லை.

"நான் வரல."

"என்ன வரல? மணி ஆவுது."

"செத்தவன எத்தன தடவதாண்டி சுத்தம் பண்ணுவ?"

நான் கத்தினேன். அம்மா காலைப் பிடித்தாள். அவர் அசையவில்லை. வெள்ளி, சனி, ஞாயிறு. முகம் ஊதியது, கால் ஊதியது. டீ, தண்ணீர் ஒன்றும் சரியாகக் குடிக்காமலே ஊதியது. அம்மா என்னோடு பேசுவதையும் நிறுத்திவிட்டாள். நேற்று மட்டும் ஒன்று சொன்னாள்: "நீதான ஒட்டுன. நீயே கூட்டிட்டுப் போ."

இன்றைக்குக் காலையில் நான் அவர் முன்னால் உட்கார்ந்தேன். கத்தவில்லை. கத்துவதற்கு எனக்கே தெம்பில்லை. "எப்பா, வாங்கப்பா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

மூச்சு விட்டு மூச்சு விட்டுச் சொன்னார்: "வாரேன். வழியில ஒரு டீ குடிப்பேன். நீ ஒட்டுன கடையில, நீ வாங்கி, உன் கையால கொண்டாந்து எல்லாரும் பாக்கக் குடுக்கணும். மானூர் தாண்டுறதுக்குள்ள. இல்லன்னா மானூர்ல எறங்கி எதிர் வண்டியில வீட்டுக்கு வந்துருவேன். அதுக்கப்பறம் என்னக் கூப்பிடக் கூடாது."

அம்மா ஃபிளாஸ்க்கில் ஊற்றித் தந்தாள். இந்தப் பையில்தான் இருக்கிறது. நீட்டினேன். "வீட்டு டீ வீட்டுல குடிக்கதுக்கு" என்றுவிட்டார். எனக்குப் புரியவில்லை. அதே தூள், அதே பால். இதில் இஞ்சி வேறு.

பனவடலியில் இறங்கி ஓடினேன். மைதீன் பாவா என்னைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "யம்மா, நீதான சாவுக்கு நான் பொறுப்புன்ன. இப்ப அவரு மூச்சு விடுத அழகப் பாத்தா, பயமா இருக்கு. நான் தரமாட்டேன், கோவிச்சுக்காத." தேவர்குளத்தில் மாகாளி. நோட்டீஸை அன்றைக்கே கிழித்துப் போட்டுவிட்டாராம். "தாளத்தான் கிழிச்சேன் பாப்பா, நீ சொன்னதக் கிழிக்க முடியல" என்றார். நான் கத்தினேன், கெஞ்சினேன், அதுதான் நீங்க பார்த்தது. அவர் பஸ்ஸைச் சுற்றி வந்து ஜன்னலில் அப்பாவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுக் கடைக்குள்ளே போய்விட்டார். இந்த பஸ் டிரைவரிடம் வாங்கித் தரச் சொன்னேன். "எம் பேரையும் நோட்டீஸ்ல போடுவ" என்றார். கண்டக்டர் காதிலேயே வாங்கவில்லை.

இன்னும் ஒரே ஒரு கடைதான். மானூரில் செண்பகத்தக்கா கடை. என்னைக் கண்டாலே விளக்குமாற்றை எடுப்பாள். ஆனால் உங்களை அவளுக்குத் தெரியாது.

இதுதான் அக்கா கேட்க வந்தது. நீங்க இறங்கி ஒரு டீ வாங்குங்க. யாருக்கு என்று கேட்டால் உங்களுக்கு என்று சொல்லுங்க. எனக்கு அந்தப் பொய் சொல்ல வராது, முகத்தில் தெரிந்துவிடும். கடை இடப்பக்கம், அப்பா வலப்பக்கம், அவளுக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. படியில் வைத்து என்னிடம் கொடுத்துவிடுங்க. நான் என் கையால் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன். நான் வாங்கினதாக நினைத்துக்கொள்ளட்டும். ஆமாம், ஏமாற்றுவதுதான். நான் இல்லை என்று சொன்னேனா?

அவருக்கு இப்போது ஒரு மடக்குக் கூட ஆகாது என்றும் எனக்குத் தெரியும். உங்களைவிட நன்றாகத் தெரியும். எஸ்தர் சிஸ்டர் அட்டையைப் பார்த்ததும் என்ன சொல்வார் என்றும் தெரியும். சொல்லட்டும். டீயை மெஷின் எடுத்துவிடும். மானூரில் இறங்கிப் போய்விட்டால் எந்த மெஷினும் எடுக்காது.

செய்வீங்களா? நிஜமாகவா? சரி. சரி அக்கா. அழவில்லை, தூசி. காசு இந்தாங்க, பிடிங்க. ஊர் வந்துவிட்டது, அந்த வளைவு திரும்பினால் ஸ்டாப். முன்படி வழியாக இறங்குங்க, கூட்டம் இருக்காது.

என்ன கேட்டீங்க?

சர்க்கரையா? வீட்டில் அரை ஸ்பூன் போடுவோம். கடையில்... ஸ்ட்ராங்கா, லைட்டா, ஆற்றியா, ஆற்றாமலா... தெரியாதே அக்கா. முழு கிளாஸ் குடிப்பாரா, அரையா? மூன்று கடைக்காரர்களுக்கும் தெரியும். அவர்கள் கேட்கவே மாட்டார்கள், கண்ணால் பார்த்ததும் போட்டுவிடுவார்கள். எனக்குத் தெரியாது. நான் எத்தனை மூடி என்றுதான் அளந்திருக்கிறேன். எப்படி வேணும் என்று கேட்டதில்லை.

இருங்க, எழுந்திருக்காதீங்க. ஒரே நிமிஷம். அண்ணே, வழி விடுங்க. கண்டக்டர் அண்ணே, விசில் குடுத்துராதீங்க.

எப்பா. எப்பா, இங்க திரும்புங்க. உங்களுக்கு டீ எப்படிப் போடச் சொல்லட்டும்?